குர்ட்ஸார்பைட்டும் மடையடிக் காணியும்

அந்தச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது என்னோடு வேலை செய்த மற்ற மொழிபெயர்ப்பாளரின் வாயிலிருந்துதான். அதனாலேயே எனக்கு அதைப் பிடிக்காமல் போனது. குர்ட்ஸார்பைட். தொண்டையில் மீன்முள் மாட்டியவர் செருமுகிற மாதிரி ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். மேடமும் சிரித்தார். நான் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது ஜேர்மன் ஒரு சொல்லும் தெரியாது.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. ஜேர்மனியிலிருந்து வந்த ஒரு நிவாரண அமைப்பு நாவற்குடாவில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து அலுவலகம் போட்டிருந்தது. கடலோரக் கிராமங்களில் அடிபட்டுப் போன வீடுகளைத் திரும்பக் கட்டிக் கொடுப்பது அவர்களுடைய வேலை. மேடம்தான் அதற்குப் பொறுப்பு. ஆறடி உயரம், வெயிலில் சிவந்த மூக்கு, எதையும் இரண்டு தடவை கேட்கிற பழக்கம். அவருக்கு மொழிபெயர்க்க நாங்கள் இரண்டு பேர். நான் அதற்கு முன் பதினொரு வருடம் ஒரு கல்வி நிலையத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள். கையில் டிப்ளோமா இருந்தது, எழுத்து வேலை சுத்தமாக வரும். மற்றவர் தேற்றாத்தீவுக்காரர். பன்னிரண்டு வருடம் ஜேர்மனியில் அகதியாக இருந்தவர். முதலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் கோப்பை கழுவி, பிறகு கார்ச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் நின்று, சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் ஊருக்கு வந்து கல்யாணம் முடித்தவர். படிப்பு பத்தாம் வகுப்பு. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதச் சொன்னால் வியர்த்துப்போவார்.

ஆனால் மேடம் அவரோடுதான் வீட்டு ஆட்களோடு பேசுகிற மாதிரிப் பேசுவார். என்னோடு பேசும்போது மேடமும் ஆங்கிலத்தில் சொல் தேடுவார், நானும் தேடுவேன். இரண்டு பேரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போகிற மாதிரி மரியாதையாகவே முடிந்துவிடும். அவரோடென்றால் வான் வண்டியில் ஏறின நேரத்திலிருந்து இறங்குகிற நேரம் வரை கதையும் சிரிப்பும். முன் ஆசனம் அவருக்கு. நான் பின்னால் படிவக் கட்டுகளோடு இருப்பேன். கல்குடாவுக்குப் போய்வரும் அவ்வளவு தூரமும் அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே போய் வந்திருக்கிறேன். அந்தப் பிடரியில் எங்கே நரை இருந்தது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அவருடைய மனைவியைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஒன்றரை வயது மகள் மட்டும் ஒரு தென்னை அடியில் சேலைத்துண்டோடு சிக்கிப் பிழைத்திருந்தது. மனைவியின் அக்கா வீட்டில் பிள்ளை வளர்ந்தது. நான் சுனாமியில் இழந்தது ஒரு குசினிச் சுவரும் தையல் மெஷினும். கிராமத்துக் கூட்டங்களில் சனம் அவருக்கு எழும்பிக் கதிரை கொடுக்கும். அவர் பேசினால் அழுதுகொண்டிருப்பவர்களும் காது கொடுப்பார்கள். நான் பேசினால், "உங்களுக்கு என்ன புள்ள, எல்லாரும் இரிக்காங்கதானே" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள். அந்த மாதங்களில் இழப்புக்கு ஏற்ற மரியாதைதான் ஆட்களுக்குக் கிடைத்தது. அவருடைய துக்கத்தைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் இருந்தது.

அன்று தேநீர் நேரத்தில் அந்தச் சொல் எப்படி வந்தது என்றால், அவர் தன் தொழிற்சாலைக் கதையை மேடத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வான் சாரதி காத்தான்குடிக்காரர், எல்லாவற்றிலும் தனக்கொரு பங்கு கேட்கிறவர்.

"என்னண்ணன், ரெண்டு பேரும் சிரிக்கீங்க, நமக்கும் சொல்லுங்களன்."

"எங்கட பக்ரறியில ஒரு வருசம் ஓடர் குறைஞ்சி போச்சு தம்பி. பாதிப் பேர வீட்ட அனுப்பப் போறாங்க எண்டு நாங்க பயந்து கிடந்த. முதலாளி ஒருத்தரையும் அனுப்பல்ல. எல்லாருக்கும் கிழமையில மூணு நாள் வேல எண்டுட்டாரு. அதுக்குத்தான் இந்தப் பேரு."

"நல்ல பேருதான். சொன்னா நாக்குச் சுளுக்கும்," என்றார் சாரதி.

எல்லோரும் சிரித்தார்கள். நான் என் மேசைக்குப் போய், கேட்டது கேட்டபடி அந்தச் சொல்லைத் தமிழில் எழுதி வைத்தேன். அவருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாத சொற்களின் பட்டியல் அன்றைக்குத் தொடங்கியது.

அதற்குப் பிறகு நான் ஜேர்மன் படித்தேன். ஆசையில் படித்தேன் என்று பிற்காலத்தில் ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எரிச்சலில்தான் படித்தேன். கொழும்புக்குப் போன ஒருவரிடம் சொல்லி ஒரு பயிற்சிப் புத்தகம் எடுப்பித்தேன். காலையில் பிட்டு அவிகிற நேரத்தில் வினைச்சொற்களைப் பாடமாக்கினேன். என் கணவர் குசினி வாசலில் நின்று, "இது ஆரையோ ஏசுற மாதிரி இரிக்கு" என்பார். அவர் சொன்னதில் பிழையில்லை, ஒருவரை ஏசுவதற்காகத்தான் படித்தேன்.

ஒன்றரை வருடத்தில் ஓரளவு வாசிக்கப் பழகினேன். பேச்சில் அவரை எட்டிப் பிடிக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்துபோனது. அவருக்கு அந்த மொழி கோப்பை கழுவிக் கழுவி உள்ளே போனது. அதனால் நான் அடியிலிருந்து போகலாம் என்று நினைத்தேன். மேடத்தின் அறையில், சுவரோரத் தட்டில், செங்கல் தடிப்பில் ஒரு பழைய அகராதி இருந்தது. சொற்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்கிற அகராதி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதை எடுத்துப் படிக்க அனுமதி கேட்டேன். மேடம் மகிழ்ந்துபோனார். முதல் தடவையாக மேடம் என்னைப் பார்த்து அந்தச் சிரிப்பைச் சிரித்தார். நான் சாப்பாட்டுப் பார்சலைத் திறக்காமல் குர்ட்ஸார்பைட்டைத் தேடினேன்.

அது ஒரு சொல் அல்ல, இரண்டு சொல். ஜேர்மன்காரர் சொற்களைச் சேர்த்துக் கட்டிவிட்டு இடைவெளி விடமாட்டார்கள். முன்பாதி குர்ட்ஸ், குறுகியது. அது அவர்களுடைய சொந்தச் சொல்லே இல்லை, லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதற்கு வெட்டிக் குறைத்தது என்று பொருள். பின்பாதி ஆர்பைட், வேலை. ஆனால் பழைய காலத்தில் அந்தச் சொல்லுக்கு வேலை என்று மட்டும் பொருள் இல்லை. பாடு, துன்பம், உடம்பு முறிகிற கஷ்டம் எல்லாம் அதுதான். அதற்கும் அடியில் போனால் இன்னும் பழைய ஒரு வேர். ஆங்கிலத்தில் ஓர்ஃபன் என்கிறோமே, அதே வேர். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. ஆதரவில்லாமல் போன பிள்ளை அடுத்தவன் வீட்டில் உடம்பு முறியப் பாடுபடும், அந்தப் பாட்டின் பெயர் பிறகு எல்லோருடைய வேலைக்கும் வந்துவிட்டது என்று புத்தகம் சொன்னது. இதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் கீழே ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் எழுதிக்கொள்ளவில்லை.

எனக்கு அன்று வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பன்னிரண்டு வருடம் அந்த நாட்டில் இருந்தவருக்கு இது தெரிந்திருக்காது. மொழி அவருடையதாக இருக்கட்டும், அதன் பூர்வீகம் என் கையில் இருந்தது. நான்கு நாள் அந்த வசனங்களை ஜேர்மனில் எழுதி, திருத்தி, குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் தேநீர் நேரத்தில், மேடம் இருக்க, அவர் இருக்க, ஒப்பித்தேன். குறுகியது, வெட்டியது, பாடு, துன்பம், அநாதைப் பிள்ளை. ஒரு தடுமாற்றமும் இல்லை.

மேடம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார்.

அவர் தமிழில் என்னிடம் கேட்டார். "வேலைக்கு அடி வேரே அநாதப் புள்ளதானா ரீச்சர்?"

"ஓம் அண்ணன். புத்தகத்துல அப்படித்தான் இரிக்கு."

"அப்ப அந்தப் புள்ளைக்கு ஆராவது சோறு குடுத்திருப்பாங்கதானே."

புத்தகத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனார். தாயில்லாத அவருடைய மகள் அந்த நேரம் எனக்கு நினைவில் இல்லை என்று சொன்னால் அது பாதிப் பொய். வசனங்களை எழுதிய நான்கு நாளில் ஒரு நாளாவது நினைவு வந்திருக்கும். வந்தபோது நான் அதைத் தள்ளிவிட்டு வினைச்சொல்லைத் திருத்தினேன்.

பிறகு சண்டை திரும்ப எங்கள் பக்கம் வந்தது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து, சனம் உடுத்த உடுப்போடு தோணி பிடித்து இந்தப் பக்கம் வந்தது. பள்ளிக்கூடங்கள் நிறைந்தன. என் கணவரின் வயல் படுவான்கரையில்தான். இரண்டு போகம் விதைக்காமல் கிடந்தது. நான்கு பேர் இருக்கிற வீட்டுக்கு என் சம்பளம் மட்டும்தான் என்று ஆனது. ஷெல் சத்தம் நின்று சனம் திரும்பிப் போனது, எங்கள் வயல் பக்கம் மட்டும் இன்னும் போக விடவில்லை. சண்டை வடக்குக்குப் போனது. வெளிநாட்டு உதவியும் அதன் பின்னால் வடக்கைப் பார்க்கத் தொடங்கியது. எங்கள் அலுவலகத்தில் ஆட்குறைப்பு வரப்போகிறது என்று காற்றில் கதை வந்தது. மொழிபெயர்ப்புக்கு இனி ஒருவர் போதுமாம்.

அந்த ஒருவர் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அறிக்கைகள் எல்லாம் ஆங்கிலம், எழுதுவது நான். இப்போது ஜேர்மனும் வாசிப்பேன். அவரை என்ன செய்வது என்று மேடம் யோசிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பாவம் என்றும் நினைத்தேன். பொறாமைக்காரருக்கு எதிராளி மேல் இரக்கம் வருவது மிகவும் இனிப்பான விஷயம், அதை நான் இரண்டு கிழமை அனுபவித்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை மேடம் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குள் கூப்பிட்டார். அன்று ஜேர்மனில்தான் பேசினார், எனக்காக மெதுவாக.

"இரண்டு பேருக்கும் முழுச் சம்பளம் கொடுக்க முடியாது. ஒருவரையும் அனுப்பவும் போவதில்லை. திங்கள், செவ்வாய், புதன் நீங்கள். வியாழன், வெள்ளி, சனி அவர். இதற்கு எங்கள் ஊரில் ஒரு சொல் இருக்கிறது. உங்களுக்கு அதன் வேரும் தெரியும்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்தச் சொல்லை இந்த அலுவலகத்துக்குள் கொண்டுவந்தவரே அவர்தான். எனக்கு முழுதாகக் கிடைக்க இருந்த வேலையில் கெஞ்சிக் கேட்டுப் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டார். லத்தீன்காரன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான் என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் கொட்டினேன். அவர் மண்வெட்டிப் பிடியைச் சீவிக்கொண்டிருந்தார். விதைக்க வயல் இல்லாவிட்டாலும் அவருக்கு அந்த வேலை இருக்கும்.

"இது நம்மட தண்ணி குறைஞ்ச வருசத்து விதைப்புத்தானே," என்றார். "இதுக்கு ஏன் ஜேர்மனிக்குப் போவான்?"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. குளத்தில் தண்ணீர் குறைந்துபோன கோடைச் சிறுபோகத்தில் வட்டை என்கிற வயல்வெளி முழுவதற்கும் பாயாது. மடைக்குக் கிட்டக் காணி உள்ளவனுக்குத்தான் தண்ணீர் எட்டும். வாய்க்காலின் கடைசியில் உள்ளவன் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். அப்போது கூட்டம் வைத்து, மடையடிக் காணியை அந்த ஒரு போகத்துக்கு மட்டும் எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். கடைசிக்காரனும் அங்கே வந்து ஒரு துண்டு விதைப்பான். மடையடிக்காரனுக்குத் தன் காணியில் அடுத்தவன் இறங்கி நிற்பதைப் பார்க்க வயிறு எரியும், ஆனால் வாயைத் திறக்க மாட்டான். அவனுடைய தகப்பன் காலத்திலும் அப்படித்தான்.

"அப்ப இதில மடையடிக் காணி ஆருட?" என்று கணவர் கேட்டார்.

"என்ட," என்றேன்.

"அப்ப குடுங்க. ஒரு போகம்தானே."

அந்தக் கேள்வியும் பதிலும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நான் பறிகொடுத்தவள் இல்லை, கொடுத்தவள். அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். அடுத்த கிழமையிலிருந்து ஊரில் என்னைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். என் அக்காவுக்குச் சொன்னேன், அக்காவின் சம்பந்திக்குச் சொன்னேன், பள்ளிக்கூட வாசலில் நின்ற தாய்மாருக்குச் சொன்னேன். பெண்சாதி இல்லாத மனிசன், தாயில்லாத புள்ள, அதுதான் என்ட வேலையில பாதிய விட்டுக்குடுத்த. சொல்லச் சொல்ல அது எனக்கே உண்மையாகிப் போனது.

ஒரு புதன்கிழமை பின்னேரம், நான் கிளம்புகிற நேரத்தில், அடுத்த நாள் படிவங்களை எடுத்துப்போக அவர் வந்தார். வான் சாரதியும் வாசலில் நின்றார். என்ன பேச்சில் வந்ததோ, அவர் நிற்கும்போதே சாரதியிடம் அதையே சொன்னேன். கொஞ்சம் உரத்துத்தான் சொன்னேன்.

சாரதி அவரைப் பார்த்தார். அவர் படிவங்களை ஒழுங்காக அடுக்கி, நாடாவைக் கட்டி, "ஓம் தம்பி, ரீச்சர்ட புண்ணியம்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லா இரிப்பீங்க ரீச்சர்," என்றார்.

அன்று ஓட்டோவில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு மனம் நிறைந்திருந்தது.

எங்கள் இரண்டு பேருக்கும் அதற்குப் பிறகு ஒரே மேசை, ஒரே கதிரை. அது உயர்த்திப் பதிக்கிற கதிரை, ஆளுக்கு ஏற்ற மாதிரி உயர்த்தலாம், தாழ்த்தலாம். திங்கட்கிழமை காலை வந்து, அவர் உயர்த்தி வைத்ததை என் உயரத்துக்குப் பதித்துக்கொள்ளும்போதெல்லாம் முணுமுணுப்பேன். அவருடைய கையெழுத்தைப் பார்த்துப் பிழை தேடுவேன். என் மூன்று நாளில் அவருடைய மூன்று நாளை விடக் கூடுதல் பக்கம் எழுத வேண்டும் என்று பக்கங்களை எண்ணினேன். வியாழன் காலை வீட்டில் இருக்கும்போது அங்கே இப்போது மேடத்தோடு என்ன சிரிப்பு நடக்கிறதோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். அரை வாரம் வேலை, மற்ற அரை வாரம் பொறாமை. எனக்கு ஓய்வு நாளே இருக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, மேடத்தோடு தேற்றாத்தீவுக்கு வீடு பார்க்கப் போனேன். முன் ஆசனத்தில் நான். அங்கே கட்டிக்கொண்டிருந்த வீட்டில் மேசனுக்குக் கையாளாக அவர் நின்றார். சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துண்டு போட்டு, சீமெந்துத் தாச்சியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் திட்டத்து வீடுதான். மேடம் இறங்கிப் போய்ப் பேசினார். நான் வானைவிட்டு இறங்கவில்லை. அவர் தூரத்திலிருந்து கையைத் தூக்கினார், முழங்கை வரை சீமெந்து. நானும் கையைத் தூக்கினேன். எனக்கு உள்ளே குளிர்ந்தது. அந்த முழங்கையைப் பார்த்ததில் பல நாள் எரிச்சல் அடங்கியது. இதையும் எழுதித்தான் வைக்க வேண்டும்.

சண்டை முழுதாக முடிந்தது. ரோட்டில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தோம். மேடத்துக்கு வவுனியா முகாம்களுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. அலுவலகத்தை மூடுவதற்கு முதல் நாள் எல்லோரும் வந்து சாமான் கட்டினோம். மேடம் எனக்குக் கடதாசி அலுமாரியை ஒழுங்குபடுத்தத் தந்தார்.

"தமிழும் ஆங்கிலமும் நீங்கள் பிரியுங்கள். ஜேர்மன் கடதாசிகளை அப்படியே வையுங்கள், நான் பார்க்கிறேன்."

ஜேர்மன் கடதாசிகளை அப்படியே வைப்பதற்கா நான் அவ்வளவு பாடுபட்டுப் படித்தேன்? மேடம் மாடிக்கு ஏறியதும் அந்தக் கடதாசிகள் இருந்த உறையைத் திறந்தேன். என்னைப் பற்றி அந்த மனிதர் மேடத்துக்கு ஏதாவது எழுதியிருப்பார் என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு இருந்தது. தேடிப்போனது கிடைத்தது. கோடு போட்ட தாளில், அவருடைய கையெழுத்தில், மேடத்துக்கு ஒரு கடிதம். முதல் வரியிலேயே இரண்டு பிழை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பென்சிலை எடுத்து இரண்டின் கீழும் கோடு போட்டேன். பன்னிரண்டு வருடம் இருந்தும் குசினி ஜேர்மன்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, பிழை எண்ணிக்கொண்டே கடைசி வரை போனேன். ஒன்பது பிழை. பிறகுதான் கடிதத்தை வாசித்தேன்.

தமிழில் சொன்னால் அது இப்படி வரும். "மதிப்புக்குரிய மேடம். என்னை மட்டும் வைத்துக்கொள்வதாக நேற்றுச் சொன்னீர்கள். நன்றி. ரீச்சரை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். அவருடைய வீட்டில் வேறு வருமானம் இல்லை. எங்கள் ஊரில் குளத்தில் தண்ணீர் குறைந்தால் மடைக்குக் கிட்டக் காணி உள்ளவன் தன் காணியைப் பிரித்து, வாய்க்கால் கடைசியில் உள்ளவனுக்கும் ஒரு போகத்துக்குக் கொடுப்பான். இப்போது என் காணிதான் மடைக்குக் கிட்ட இருக்கிறது. குர்ட்ஸார்பைட் செய்யலாம். இதை நான் கேட்டேன் என்று ரீச்சருக்குச் சொல்ல வேண்டாம். அவர் பெருமை பார்க்கிற ஆள்."

அதோடு மேடத்தின் குறிப்பு ஒன்றும் ஊசியால் குத்தியிருந்தது. மொழிபெயர்ப்புக்கு ஒருவர்: அவர். ஆங்கில அறிக்கைகள்: நானே எழுதலாம், என்று மேடம் எழுதியிருந்தார். திகதி, அந்தத் திங்கட்கிழமைக்கு நான்கு நாள் முந்தியது.

நான் பிழைகளுக்குக் கீழே போட்ட கோடுகளை அழிறப்பரால் அழிக்கப் பார்த்தேன். தாள் கசங்கியதுதான் மிச்சம். அதை உறைக்குள் வைத்துவிட்டு வளவுக்குள் இறங்கினேன்.

அவர் லொறியில் கதிரைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணன், உங்கட கடிதத்துல ஒன்பது பிழை," என்றேன். நன்றி சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது இதுதான்.

எந்தக் கடிதம் என்று அவர் கேட்கவில்லை. கயிற்றை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார்.

"ஒன்பதா? நான் அஞ்சாறு இரிக்கும் எண்டு நினைச்ச."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"சொன்னா வந்திருப்பீங்களா ரீச்சர்?"

வந்திருக்க மாட்டேன். அது இரண்டு பேருக்கும் தெரியும். திரும்பவும் கேட்டேன், "நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சனே. உங்களுக்கு முன்னாலயும் சொன்னனே. அப்பயாவது ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?"

அவர் அடுத்த கதிரையைத் தூக்கினார். "நீங்க அதச் சொல்லக்குள்ள சந்தோசமா இருந்தீங்க," என்றார்.

அந்த இடத்தில் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, பிறகு வந்தது. நன்றியும் பிறகு வந்தது. அப்போது வந்தது நான் நன்றாகப் பழகிய பொறாமைதான், முன்பு இருந்ததைவிடப் பெரிதாக. அவருடைய ஜேர்மனும் முன் ஆசனமும் மேடத்தின் சிரிப்பும் இனி எனக்கு வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நாள் சீமெந்து தூக்கிக்கொண்டு, தன் காணியில் நான் காலை அகட்டி நின்று என் காணி என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டும், அந்த மனிதர் ஒரு வருடம் பேசாமல் இருந்தார். அவர் நின்ற இடத்தில் நான் நின்றிருந்தால் முதல் நாளே ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பேன். அந்த இடத்தில் நிற்காமலே சொன்னவள் நான்.

கடைசியில் ஒரு கதிரை கீழே மிச்சம் இருந்தது. உயர்த்திப் பதிக்கிற கதிரை, நாங்கள் இரண்டு பேரும் முறைவைத்து இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, அதனால் அவருடைய உயரத்தில் நின்றது. நான் அதைப் பதிக்காமல் தூக்கிக் கொடுத்தேன். அவர் வாங்கி மற்றவற்றோடு சேர்த்துக் கட்டினார்.